கோவிந்தம்மாவின் நாலு சக்கரப் படவு

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் மணல்மேட்டுக்குப்பத்தில் ஒரு குடும்பத்தின் மதிப்பை அதன் வீட்டை வைத்து யாரும் எடை போடுவதில்லை. வீடு எல்லாருக்கும் ஒரே பனையோலைக் கூரைதான். ஏரிக்கரையில் அந்தக் குடும்பத்து மீன்பிடிப் படவு கிடக்கிறதே, அந்த இடம்தான் மதிப்பு. அதற்குக் கரையிடம் என்று பெயர். கரையிடம் இருந்தால்தான் தை மாதக் குலுக்கலில் பங்கு. குலுக்கலில் பங்கு இருந்தால்தான் இறால் விழும் துறைகளில் முறை வைத்து வலை போடப் 'பாடு' கிடைக்கும். பாடு இல்லாதவன் அடுத்தவன் படவில் கூலிக்குப் போகலாம், இல்லையென்றால் மேட்டுப் பக்கம் போய் நெல் அறுக்கலாம். ஏரியை அவன் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கரையிடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் விட்டுக் கொடுப்பார்கள். அதற்கு அடுத்த தைக் குலுக்கலில் அங்கே படவு இல்லையென்றால், இடம் பக்கத்துப் பங்காளிக்குப் போய்விடும். படவு மட்டும் கரையில் இருந்தால் போதும். பாடு விழுந்த பிறகு யார் படவை எடுத்துப் போய் வலை போட்டாலும் ஊர் ஒன்றும் கேட்காது. முன்னொரு காலத்தில் சில புத்திசாலிகள் உளுத்துப்போன கட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு இதுதான் என் படவு என்று சாதித்தார்களாம். அதனால் கட்டுப்பாட்டில் ஒரு வால் சேர்ந்துகொண்டது. கரையில் கிடப்பது கரையை விட்டுக் கிளம்பித் திரும்பி வரவும் வேண்டும்.

கோவிந்தம்மாவின் புருஷன் பரசுராமன் அறுபத்தாறாம் வருஷத்து ஐப்பசிப் புயலில் போனான். உடம்பு கிடைத்தது, படவு கிடைக்கவில்லை. ஊர் ஒரு வருஷம் விட்டுக் கொடுத்தது. அந்த வருஷம் ஓடின வேகம் கோவிந்தம்மாவுக்குத்தான் தெரியும். புதுப் படவு செய்யும் வசதி அவளிடம் இல்லை. இரவல் கொடுக்க ஊரில் யாருக்கும் மனசும் இல்லை. பக்கத்துக் கரையிடத்துக்காரன் ஆதிநாராயணன், பரசுராமனுக்குச் சித்தப்பா மகன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வயசுக்கு வந்த மகன்கள் இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள், ஒரே ஒரு பாடு வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? வலை காயப்போடும் கழிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அண்ணியின் இடத்தில் நட ஆரம்பித்தான். கோவிந்தம்மா தினமும் காலையில் போய் அந்தக் கழிகளைப் பிடுங்கி அவன் பக்கம் போட்டுவிட்டுத்தான் கூடையைத் தலையில் தூக்குவாள். அந்த இடமும் போனால் பரசுராமன் என்று ஒருவன் இந்த ஏரியில் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும். தன் முறை என்று சொல்லி ஏரியில் வலை விழ வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவள் மீன் விற்கப் போவது கும்மிடிப்பூண்டிக்கு. பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். ஸ்டேஷனுக்குப் பின்னால் மில் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவளுடைய மடவைக்கும் இறாலுக்கும் வாடிக்கை உண்டு. அந்த லைன் வீட்டின் கோடி அறையில்தான் சாலமோன் இருந்தான். அவன் அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். இவன் மெட்ராஸில் ஒரு கம்பெனி வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தான். துரை சீமைக்கே திரும்பிப் போகும்போது மேஜை நாற்காலியை எல்லாம் ஏலம் போட்டுவிட்டு, தன் செல்லமான சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மட்டும் சாலமோன் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். இரண்டு பேர் உட்காரலாம். தலைக்கு மேல் துணிக்கூரை, அதுவும் கிழிசல். வயசு என்னவோ ஆகியிருந்தது, ஆனால் அழகு குறையவில்லை. பிறகு சாலமோன் ரோலிங் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, காரோடு இந்த அறைக்குக் குடிவந்தான்.

கொடுத்த துரை கூடவே ஒரு ஷெட்டையும் கொடுத்திருக்கலாம். கார் நின்றது லைன் வீட்டுக் கிணற்றுக்குப் போகும் வழியில். ஆடு அதன் மேல் ஏறிப் படுத்தது. மாடு அதில் முதுகு சொறிந்துகொண்டது. வீட்டுக்காரி சம்பூர்ணம், குடம் தூக்கிப் போகிறவர்களுக்கு வழி இல்லை, மாசம் பிறக்கும்போது இந்தச் சனியன் இங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மில்லில் கேட்டான், வாட்ச்மேன் சிரித்தான். கோயில் கொட்டகையில் கேட்டான், திருவிழா வருகிறது என்றார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று புத்தி சொன்னவர்களுக்கு மட்டும் குறைவே இல்லை. சாலமோனுக்கு அழுகை வந்தது. அவன் வம்சத்திலேயே ஒருத்தன் பேரில் இருந்த முதல் சொத்து அந்தக் கார்.

மழைக்குப் பயந்து அவன் காரைத் தார்ப்பாயில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் கோவிந்தம்மா கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னா தம்பி, பொணத்த கட்ற மாதிரி கட்டிக்கினு கீற?"

மழை வரப் போகிறது அக்கா என்றான் சாலமோன்.

"மழ மேலேருந்து வருது. உனக்குத் தண்ணி உள்ளேருந்து வருது. கைய உட்டுப் பாரு."

கையை விட்டுப் பார்த்தான். தார்ப்பாயின் உள்பக்கம் வியர்த்து ஊறியிருந்தது. சீட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. படவைக் கரையில் ஏற்றினால் அதற்கும் மூச்சு விட இடம் வேண்டும், மேலே கூரை போடலாமே தவிரப் போர்த்தக் கூடாது என்றாள் கோவிந்தம்மா. அப்படிச் சொல்லிக்கொண்டே காரைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தாள். நீளம் ஏறக்குறைய பரசுராமனின் படவு நீளம். அகலமும் அப்படித்தான். அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

எதையும் மறைக்காமல்தான் சொன்னாள். எனக்கு இடம் இருக்கிறது, படவு இல்லை. உனக்குப் படவு இருக்கிறது, இடம் இல்லை. தை வரைக்கும் என் கரையிடத்தில் கிடக்கட்டும், கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடுமே என்று சாலமோன் தயங்கினான். தயக்கத்தைத் தீர்த்து வைத்தவள் சம்பூர்ணம். அன்று சாயங்காலமே வந்து மறுபடி சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்புக் கார் பொன்னேரி வழியாகப் புழுதி கிளப்பிக்கொண்டு மணல்மேட்டுக்குப்பத்துக்குள் நுழைந்தது. பின்னால் ஊரே ஓடி வந்தது. ஏரிக்கரையில் படவுகள் வரிசையாகக் கிடக்க, நடுவில் இருந்த காலி இடத்தில் போய் நின்றது. கோவிந்தம்மா சவுக்குக் கழி நட்டு, கார் மேல் படாமல் உயரமாகப் பனையோலைக் கூரை போட்டாள். சக்கரம் மண்ணில் புதையாமல் இருக்கப் பனந்துண்டுகளை அடியில் கொடுத்தாள். புதுப் படவுக்குச் செய்வது போலவே தேங்காய் உடைத்து, முகப்பில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். தாலி அறுத்தவள் வைக்கலாமா என்று கிசுகிசுத்த பெண்களை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு கிசுகிசுப்பு நின்றது. சாலமோன் ஒதுங்கி நின்று தன் கர்த்தரிடம் தனியாக ஒரு ஜெபம் செய்துகொண்டான்.

ஆதிநாராயணன் நேராக ஊர் நாட்டாரிடம் போனான். நாட்டார் தேசப்பன் ஊருக்குப் பெரியவர், அவசரமாக எதையும் சொல்ல மாட்டார். வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். இது படவா என்று ஆதிநாராயணன் கேட்டான். இல்லை என்று நம் கட்டுப்பாட்டில் எங்கும் சொல்லவில்லையே, தை வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் சுருட்டுப் பற்றவைத்தார்.

சாலமோன் போகும்போது டாங்க்கில் இருந்த பெட்ரோலை வடித்து, பாட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டான். மின்னுகிற பாகத்தில் எல்லாம் தடவச் சொல்லி ஒரு டப்பா கிரீஸ் கொடுத்தான். முன்பக்கம் இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் சுழலும். வாரம் தவறாமல் கொஞ்சம் சுற்றிவிடு, இல்லையென்றால் உள்ளே இறுகிக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தான். கரையில் நின்று வலை இழுத்த கை அவளுடையது. அதற்கு இது ஒரு வேலையே இல்லை.

கிரீஸ் சீக்கிரமே தீர்ந்துபோனது. கோவிந்தம்மா கவலைப்படவில்லை. சுறா ஈரலை உருக்கி எண்ணெய் எடுத்தாள். காலம் காலமாகப் படவுக்குப் பூசுவது அதுதான். வெளியே பூசினாள், அடியில் படுத்துப் பூசினாள், சக்கரத்துக்குப் பூசினாள். படவுக்கு உள்ளும் பூசுவது வழக்கம் என்பதால், தோல் சீட்டு இரண்டையும் விடாமல் தாராளமாகக் குளிப்பாட்டினாள். ஒரு வேலையைத் தொட்டால் முழுசாகச் செய்கிற குணம் அவளுக்கு.

மறுநாள் குப்பத்துப் பூனை எல்லாம் காரில் இருந்தது. பக்கத்துக் குப்பத்துப் பூனைகளும் கேள்விப்பட்டு வந்துவிட்டன. நக்கின, பிறாண்டின, சீட்டைக் கிழித்து உள்ளே இருந்த பஞ்சை வெளியே இழுத்துப் போட்டன. கோவிந்தம்மா துடைப்பத்தோடு காவல் நின்றாள். ஆதிநாராயணன் சிரித்த சிரிப்பு கோயில் வரைக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாலமோன் வந்து பார்த்தான். வாய் திறந்தவன் நிறுத்தவில்லை. துரை உட்கார்ந்த சீட்டு, மீன் மார்க்கெட் மாதிரி நாறுகிறது, நாளைக்கே பாட்டரி போட்டு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று குதித்தான். தப்பு தன்மேல் என்று கோவிந்தம்மாவுக்குத் தெரிந்தது. கார் போனால் இடமும் போய்விடும் என்பதும் தெரிந்தது.

சாலமோன் பானெட்டைத் திறக்கப் போனவன், முன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். விரலில் எண்ணெய் ஒட்டியது, துரு ஒட்டவில்லை. கூரைக் கழியில் கோவிந்தம்மா அடித்த புது ஆணி அதற்குள் சிவந்து போயிருந்தது. அவன் குனிந்து அடிப்பக்கம் பார்த்தான், ஸ்பிரிங்கைப் பார்த்தான். அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, சீட்டுக்கு மட்டும் வேண்டாம், மற்றதுக்கு எல்லாம் இன்னும் கொஞ்சம் பூசு அக்கா என்றான். கிழிந்த சீட்டைக் கோவிந்தம்மாவே சாம்பல் போட்டுத் தேய்த்து, பஞ்சை உள்ளே திணித்து, பழைய வலையை மடித்து மேலே தைத்துக் கொடுத்தாள். அந்தத் தையல் பிரிந்து யாரும் பார்த்ததில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. காலையிலிருந்தே காற்று ஒரு தினுசாக இருந்தது. மத்தியானத்துக்குள் ஏரி பொங்கிக் கரை ஏற ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தன் படவை இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். இப்படி நேரத்தில் படவுக்காரன் கரையில் நின்று கை கேட்டால், காதில் விழுந்த அத்தனை பேரும் வந்து கை வைத்தாக வேண்டும். வராதவன் படவை ஒரு வருஷத்துக்கு ஊரில் யாரும் தொட மாட்டார்கள். இது கட்டுப்பாட்டிலேயே பெரிய கட்டுப்பாடு.

கூரை பறந்துபோயிருந்தது. தண்ணீர் காரின் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. கோவிந்தம்மா தன் கரையிடத்தில் நின்று, புருஷன் எந்தக் குரலில் கத்துவானோ அதே குரலில் கத்தினாள்.

"பரசுராமன் படவுக்குக் கை குடுங்க."

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது படவு இல்லையென்றால் போக வேண்டாம். படவு என்றால் போகாதவன் தீர்ந்தான். நின்று யோசிக்க அந்த மழையில் யாருக்கு அவகாசம்? நாட்டார் தேசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அவர் பின்னால் ஊரே இறங்கியது. ஆதிநாராயணனும் கடைசியில் மகன்களோடு வந்து பின்பக்கம் தோள் கொடுத்தான். அவனும் படவு வைத்திருக்கிறவன்தானே. கயிறு கட்டினார்கள், பனந்துண்டை உருட்டிவிட்டார்கள், ஏலேலோ சொல்லி இழுத்தார்கள். எண்ணெய் பூசின உடம்பில் கை வைத்த இடமெல்லாம் வழுக்கியது. பாதி மேடு ஏறிய பிறகுதான் எவனோ ஒருத்தன், டேய் இதுக்குச் சக்கரம் கீதுடா என்றான். கொட்டுகிற மழையில் எல்லாரும் சிரித்தார்கள். பனந்துண்டுகளை வீசிவிட்டு ஒரே ஓட்டமாகத் தள்ளிக் கோயில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோவிந்தம்மா மழையில் நின்று அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் கார் பழைய இடத்துக்குத் திரும்பியது, அதன் மேல் புதுக் கூரையும் ஏறியது. ஊர் கை வைத்து ஏற்றியதைப் படவு இல்லை என்று இனி எவனும் சொல்ல முடியாது. கை வைத்தவர்களில் தானும் ஒருவன் என்பது ஆதிநாராயணனுக்கு உறுத்தியது. மார்கழியில் கோயில் கூட்டத்தில் கட்டுப்பாட்டின் வாலைப் பிடித்தான். சரி, படவுதான், ஆனால் கரையை விட்டுக் கிளம்பித் திரும்பி வரவேண்டுமே, ஊர் தள்ளாமல் அது தானாகக் கிளம்புமா என்று கேட்டான். நியாயமான கேள்விதான் என்றார் நாட்டார். குலுக்கல் அன்று காலையில் எல்லார் முன்னாலும் அது கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் இடம் ஆதிநாராயணனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார்.

பெண்களுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே நின்றிருந்த கோவிந்தம்மா அங்கிருந்தே பேசினாள்.

"கெளம்பும் மாமா. நான் வாராவாரம் சுத்திக்கினு கீறேன், எனக்குத் தெரியும்."

உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே என்னமோ நகர்கிறது என்பது வரைதான் தெரியும். அன்று அவள் சாப்பிடவில்லை.

குலுக்கல் நாள் காலையில் சாலமோன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். தோளில் பாட்டரி, கையில் பெட்ரோல் கேன். பாட்டரியை மாட்டினான், பெட்ரோல் ஊற்றினான், பிளக் எல்லாம் கழற்றித் துடைத்துப் போட்டான், கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றினான். ஊர் மொத்தமும் வளைத்துக்கொண்டு நின்றது. ஆதிநாராயணன் தன் படவு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். சாலமோன் ஸ்டார்ட்டரை இழுத்தான், ஒரு முனகல் வந்தது, அடங்கியது. இறங்கிப் போய்க் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். சட்டை நனைகிற வரைக்கும் சுற்றினான். எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டுச் சும்மா இருந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

கோவிந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீ உள்ள போய்க் குந்து. ஒனக்கு அது புடிபடல. ஒரு எடத்துல மொரண்டு புடிக்கும், அங்கதான் இழுக்கணும்."

வாராவாரம் சுற்றின கைக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. மெதுவாகச் சுற்றி அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு மூச்சு எடுத்தாள். வலைக் கயிற்றை இழுப்பது போல இடுப்போடு சேர்த்து ஒரே இழுப்பு. கார் உறுமியது. பின்னாலிருந்து கறுப்புப் புகை வந்தது. கருவாட்டுக் கடையே தீப்பிடித்த மாதிரி ஒரு நாற்றம் கரை முழுக்கப் பரவியது. சாலமோன் உள்ளே உட்கார்ந்து "அக்கா, அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கூரைக்கு மேல் இருந்த காக்காய் எல்லாம் பறந்தோடியது. ஊர் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தமே அமுங்கிப்போனது.

அவள் வலை தைத்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் ஓரத்தில் மணல் சிமெண்டுத் தரை போல இறுகிக் கிடந்தது. அதன் மேல் கார் கிளம்பியது. வரிசையாகக் கிடந்த படவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. தலைமுடி அவிழ்ந்து பறந்தது, அவள் கட்டவில்லை. பக்கத்துக் குப்பத்து எல்லை வரை போய், அங்கே அரைவட்டம் அடித்து, கொக்குக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுத் திரும்பியது. பரசுராமன் உயிரோடு இருந்த காலத்தில்கூட அவள் படவில் ஏறினதில்லை, பெண்கள் ஏறக் கூடாது. இந்தப் படவுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு போட யாருக்கும் தோன்றவில்லை. தன் கரையிடத்துக்கு நேராக வந்து கார் நின்றபோது அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாட்டார் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். போச்சு, வந்துச்சு, அவ்வளவுதான் என்றார்.

குலுக்கலுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருவனுக்குச் சங்குத் துண்டு, ஒருவனுக்குப் புளியங்கொட்டை, ஒருவனுக்கு ஆமை ஓடு. எல்லாவற்றையும் பானையில் போட்டுக் குலுக்கி, நாட்டார் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். பரசுராமனின் அடையாளம் படவோடு ஏரியில் போய்விட்டிருந்தது. என்ன போடப் போகிறாய் என்று நாட்டார் கேட்டார். கோவிந்தம்மா சாலமோனிடம் கை நீட்டினாள். அவன் கழற்றி மாற்றின பழைய பிளக் ஒன்றை வைத்தான். பானைக்குள் அது ணங்கென்று விழுந்தது.

"யார் பேரு சொல்லட்டும்? பரசுராமன் ஊடுன்னா?" என்று கேட்டார் நாட்டார்.

"கோவிந்தம்மான்னு சொல்லுங்க மாமா."

அவர் பானையைக் குலுக்கினார். முதலில் சங்கு வந்தது. பிறகு ஆமை ஓடு. இரண்டு மூன்று வீடு தாண்டிப் பிளக் வந்தது. அந்தக் குப்பத்தில் முதல் தடவையாக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி நாட்டார் பாடு அறிவித்தார். கிடைத்தது நல்ல துறை, இறால் கொழுத்து வரும் நாள்.

கூட்டம் கலையும்போது ஆதிநாராயணன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். அவனுடைய பாடு எல்லாருக்கும் கடைசியில் விழுந்திருந்தது. மகன்கள் இருவரும் பின்னால் நின்றார்கள்.

"அண்ணி, ஒம் மொறைக்குப் படவு வேணுமே. அந்தக் காரு தண்ணில போவாதே."

கோவிந்தம்மா அவனையும் பார்த்தாள், அவன் படவையும் பார்த்தாள்.

"ஒன் படவ எடுத்துக்கினு வா. ஒம் புள்ளைங்களயும் கூப்ட்டுக்கினு வா, பங்கு தரேன். ஆனா அன்னிக்கி அது கோவிந்தம்மா படவு."

முறை வந்த நாளில் விடிந்ததும் ஆதிநாராயணன் தன் படவைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, கரையைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவள் தலையசைத்த பிறகுதான் ஏறினான்.